ஊரைத் தூரத்திலிருந்து வரைதல்: ஓவியம் குறித்த வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. பிறந்த மண்ணை விட்டு வேறு பண்பாடுகளுக்குள் வாழ நேர்ந்த ஓவியர்கள் தங்கள் அடையாளத்தையும் நினைவையும் எவ்வாறு படமாக்குகிறார்கள் என்பதே அது. குடும்பத்துக்கு ஒருவராவது கடல் கடந்து வாழும் யாழ்ப்பாணத்தில் இது கலை ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. எனவே இம்முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

சுன்னாகத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்: சமகால ஓவியர்களைப் பற்றிய குறிப்புகளில் ‘அடையாளம், நினைவு, பயணம்’ ஆகிய மூன்று சொற்களும் ஓயாமல் வருகின்றன. ஒரு படத்தில் இவற்றை எங்கே பார்ப்பது?

படத்துக்கு அருகில் ஒட்டப்பட்டிருக்கும் குறிப்பை முதலில் வாசிக்காதீர்கள். அந்தப் படம் எந்தப் பொருள்களால், எந்த முறையில் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் மூன்று சொற்களும் எந்த ஓவியருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டு எழுதப்பட்டுத் தேய்ந்துவிட்டன; ஆனால் அவை சுட்டும் விடயங்கள் தேயவில்லை. கையாலும் நிறத்தாலும் ஓவியர் என்ன செய்தார் என்று கவனித்தால் அவற்றைக் கண்ணாலேயே காணலாம்.

என்ஜிடெகா அகுன்யிலி குரொஸ்பி என்ற ஓவியரை எடுத்துக்கொள்வோம். 1983 இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்த அவர் 1999 இல் அமெரிக்கா சென்றார். இப்போது லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழ்கிறார். அவருடைய படங்கள் பெரிய தாள்களில் செய்யப்பட்டவை. தள்ளி நின்று பார்த்தால் தெரிவது ஓர் அமைதியான அறைதான்: ஒரு கதிரை, ஒரு மேசை, சாய்ந்திருக்கும் ஒரு பெண், சில படங்களில் அவருடைய அமெரிக்கக் கணவர். நெருங்கிச் சென்றால் அந்த அறையின் சுவரும் தரையும் ஆடையும், சில இடங்களில் மனிதரின் தோலும்கூட, சிறு சிறு நிழற்படங்களால் நிறைந்திருப்பது தெரியவரும். அவை குடும்பப் படத்தொகுப்பிலிருந்தும் நைஜீரியச் சஞ்சிகைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவற்றில் பாடகர்கள் இருக்கிறார்கள், அரசியல்வாதிகள் இருக்கிறார்கள், திருமண வீட்டார் இருக்கிறார்கள்.

இந்தப் படங்கள் வெட்டி ஒட்டப்பட்டவை அல்ல. அச்சிட்ட படத்தைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்து, நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசிற்றோன் போன்ற ஒரு கரைப்பானால் பின்புறத்தை நனைத்துத் தேய்த்தால், மையில் ஒரு பகுதி தாளுக்கு இறங்கும், மறுபகுதி இறங்காது. இறங்கிய உருவம் இடம் வலமாக மாறி, வெளிறி, ஆங்காங்கே விட்டுப்போய் நிற்கும். நினைவு என்ற சொல்லை இந்த ஓவியர் விடயத்தில் நீங்கள் எழுத வேண்டிய இடம் இதுதான். நைஜீரியாவை அவர் தெளிவாக வரைந்து காட்டவில்லை. ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எவ்வளவு தங்குமோ அவ்வளவையே தங்கவிட்டிருக்கிறார். அடையாளத்தையும் படத்திலுள்ள பெண் என்ன உடை உடுத்திருக்கிறாள் என்பதில் தேட வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் ஓர் அறையின் சுவருக்குள் எனுகுவின் ஒரு தலைமுறை முழுவதும் குடியிருக்கிறது என்பதில் தேடுங்கள். ஐரோப்பிய ஓவியத்தில் நூற்றாண்டுகளாக வரும் ‘வீட்டின் உட்புறம்’ என்ற வகையை அவர் அமெரிக்காவில் முறையாகக் கற்று, அதற்குள் தன் ஊரின் அச்சுத் தாள்களை இறக்கியிருக்கிறார். அவருடைய பயணம் படத்தின் கதையில் மட்டும் இல்லை, செய்முறையிலும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியையும் அறிந்து வைத்திருங்கள். 1970 இல் அடிஸ் அபாபாவில் பிறந்து, 1977 இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்ற ஜூலி மெஹ்ரெட்டுவின் பல படங்களில் ஒரு முகம்கூட இல்லை. கட்டட வரைபடங்களும் நகரத் திட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒளிபுகும் படைகளாக அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் மைக்கோடுகள் கூட்டம் கூட்டமாக நகர்கின்றன. ஊரின் பெயரைச் சொல்லாமலே இடம்பெயர்வின் வேகத்தை அவை உணர்த்துகின்றன. பரீட்சையில் எந்த ஓவியரைப் பற்றி எழுதினாலும், அவர் பிறந்த நாட்டில் தொடங்காமல், படத்தின் பரப்பில் நீங்கள் கண்டதிலிருந்து தொடங்கி, அதன் பிறகே வாழ்க்கை வரலாற்றுக்குப் போங்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்: என் மகள் கனடாவில் பிறந்தவள். ஒரு கோடை விடுமுறையில் உரும்பிராயிலுள்ள அவளுடைய அம்மம்மாவின் வீட்டில் தங்கினாள். திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வீட்டையே வரைகிறாள். சுவர்கள் கடும் நீலத்தில், கதவுகள் அந்தரத்தில், கிணறு கூரைக்கு மேல். எங்கள் உறவினர்கள் ‘இது எங்கள் வீடே இல்லை’ என்று அவளிடம் சொல்கிறார்கள். பழைய நிழற்படங்களைக் கொடுத்து அவளைத் திருத்தலாமா?

திருத்தாதீர்கள். உங்கள் மகள் செய்வதற்கு ஓவிய வரலாற்றில் மிக வலுவான முன்னோடிகள் உண்டு.

இன்றைய பெலரூசிலுள்ள விற்றெப்ஸ்க் நகரில் 1887 இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த மார்க் சகால், பாரிசுக்குப் போய்ச் சிறிது காலத்திலேயே, 1911 இல், ‘நானும் கிராமமும்’ என்ற படத்தை வரைந்தார். அதில் பச்சை முகம் கொண்ட ஒருவர் ஒரு விலங்கை நேருக்கு நேர் பார்க்கிறார். அந்த விலங்கின் கன்னத்துக்குள் ஒரு பெண் பால் கறக்கிறாள். மேலே வீடுகள் சில தலைகீழாக நிற்கின்றன. விற்றெப்ஸ்கில் எந்த வீடும் அப்படி நின்றதில்லை என்பது அவருடைய உறவினர்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஊரை விட்டு வந்தவரின் மனதில் பால் கறக்கும் பெண்ணும் விலங்கின் கண்ணும் தெருவும் ஒரே கணத்தில் எழுகின்றன. எது பெரிது, எது சிறிது, எது மேலே, எது கீழே என்ற ஒழுங்கு அங்கே செல்லுபடியாகாது. பாரிசில் அப்போது புதிதாகப் பேசப்பட்ட கியூபிசம் என்ற ஓவியப் பாணியின் உடைந்த தளங்கள், அந்த ஒழுங்கின்மையைக் கட்டி நிறுத்த அவருக்கு உதவின. கிராமத்தை வரைய அவருக்குப் பாரிஸ் தேவைப்பட்டது என்பது என் கருத்து. சகால் நெடுங்காலம் வாழ்ந்து 1985 இல் பிரான்சில் மறைந்தார். 1973 இல் அவர் மொஸ்கோவுக்கும் லெனின்கிராட்டுக்கும் சென்றபோதும் விற்றெப்ஸ்குக்குப் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலும் அழிந்துவிட்ட அந்த நகரத்தை அவர் கடைசிவரை வரைந்துகொண்டே இருந்தார்.

இன்னொருவர் பிராங்க் பௌலிங். 1934 இல் அன்றைய பிரித்தானியக் கயானாவில் பிறந்து 1953 இல் இலண்டன் சென்றவர். 1960களின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் இருந்தபோது அவர் வரைந்த பெரிய படங்களில், தென் அமெரிக்கா, ஆபிரிக்கா ஆகிய கண்டங்களின் உருவங்கள் நிறப்பெருக்குக்குள் மங்கலாக மிதக்கின்றன. அக்காலப் படங்கள் சிலவற்றில், அவருடைய தாயார் கயானாவில் கடை நடத்திய வீட்டின் நிழற்படம் பட்டுத்திரை அச்சு முறையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்த வீடு படத்தில் மிகச் சிறியது. கண்டங்களோ மிகப் பெரியவை. ஆனாலும் பார்ப்பவரின் கண் வீட்டைத்தான் தேடிப் போகிறது.

உங்கள் மகளின் நிலை இவ்விருவரிடமிருந்தும் ஒரு வகையில் வேறுபடுகிறது. அவர்கள் வளர்ந்த வீட்டை நினைத்து வரைந்தார்கள். உங்கள் மகளோ, நீங்களும் உங்கள் மனைவியும் சொன்ன கதைகள், தொலைபேசியில் கேட்ட குரல்கள், ஒரு விடுமுறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு வீட்டைக் கட்டுகிறாள். கிணறு கூரைக்கு மேல் இருப்பதற்குக் காரணம், உங்கள் வீட்டில் அந்தக் கிணற்றைப் பற்றியே அதிகம் பேசப்பட்டிருப்பதாகக்கூட இருக்கலாம். அவளிடமே கேட்டுப் பாருங்கள். நிழற்படங்களைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் விடைத்தாளைத் திருத்துபவரைப் போலக் கொடுக்காதீர்கள். அதைவிட, நிழற்படத்தில் விழாதவற்றைச் சொல்லுங்கள்: படலையைத் திறந்தால் எழும் ஓசை, விறாந்தையில் யார் எந்த மூலையில் படுத்தார்கள், மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த அறைக்குள் பிள்ளைகள் போகக்கூடாது என்று இருந்தது.

உறவினர்களின் மனக்குறையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு கலைப்பொருள் மட்டும் அன்று. மகளின் படம் வீட்டின் ஆவணம் என்று எங்கும் சொல்லிக்கொள்ளாத வரையில் இருவருக்கும் இடமுண்டு என்று அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. புலம்பெயர்ந்தோர் கண்காட்சிகளில் ஒரு பனை, ஒரு கிடுகு வேலி, ஒரு கோபுரம் ஆகியவற்றை வரைந்தவுடன் யாழ்ப்பாணம் வந்துவிட்டதாகக் கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. அது கலண்டர்ப் படம். அந்தரத்தில் மிதக்கும் கதவை வரையும் பிள்ளை அதைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறாள்.

மல்லாகத்திலிருந்து ஒரு முதியவர்: எங்கள் வீடு மயிலிட்டியில் இருந்தது. 1990 இல் வெளியேறினோம். பின்னர் அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. வீடு இப்போது இல்லை. ஒரு நிழற்படம்கூட எஞ்சவில்லை. பிரான்சிலுள்ள என் மகன் ஓர் ஓவியரைக் கொண்டு அந்த வீட்டை வரைவிக்க விரும்புகிறான். நான் எதை, எப்படிச் சொல்ல வேண்டும்?

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் நினைவுக்கு வந்தது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூல். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்ற பெயர் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேர், இழந்த தங்கள் வீட்டின் தரைப்படத்தைத் தாங்களே கையால் வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் கட்டடக் கலைஞர் வரையும் முறையான வரைபடமாகவும் மாற்றப்பட்டது. அதன் பிறகு சனாதனன் அந்த வீட்டுக்காரரின் நினைவுக்குத் தாமே ஒரு சித்திரம் தீட்டினார். ஒரே வீட்டை மூன்று கைகள் மூன்று விதமாகப் பிடிக்க முயல்வதை அந்த நூலில் காணலாம். கட்டடக் கலைஞரின் கோடு நேராக இருக்கிறது. வீட்டுக்காரரின் கோடு நடுங்குகிறது. எனக்கு அந்த நடுங்கும் கோட்டில்தான் வீடு தெரிகிறது.

ஆகவே, ஓவியரிடம் பேசுவதற்கு முன்னர் நீங்களே பென்சிலை எடுத்து வரையுங்கள். வரையத் தெரியாது என்பது ஒரு தடையே அன்று. வளவின் எல்லையில் தொடங்குங்கள். படலை எங்கே, கிணற்றடி எங்கே, தலைவாசலிலிருந்து குசினிக்கு எந்த வழியாக நடப்பீர்கள் என்று நடந்த வழியையே கோடாக இழுங்கள். அளவை அடியில் சொல்ல முடியாவிட்டால், எத்தனை பாய் விரிக்கலாம், எத்தனை பேர் பந்தியில் இருக்கலாம் என்று எழுதுங்கள். எந்த மரம் எந்த யன்னலுக்கு நிழல் தந்தது, காலை வெயில் எந்தச் சுவரில் விழுந்தது, கடற்காற்று எந்தப் பக்கத்தால் வந்தது என்பவை ஓவியருக்கு ஓடுகளின் எண்ணிக்கையைவிடப் பெரிதும் உதவும். உங்கள் துணைவியாரும் சகோதரர்களும் உயிருடன் இருந்தால், ஒருவர் வரைந்ததை மற்றவருக்குக் காட்டாமல் அவர்களையும் தனித்தனியே வரையச் சொல்லுங்கள். வரைபடங்கள் ஒத்துப்போகாது. அவற்றை ஒன்றாக்க முயலாமல் அப்படியே எல்லாவற்றையும் ஓவியருக்கு அனுப்புங்கள்.

இன்னொரு விடயம். ஓவியர் வரைந்து தரும் படத்தில் ஏதோ ஒன்று பிழையாகவே படும். அப்போது மகனிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். எது பிழை என்று நீங்கள் சொல்லும்போதுதான் ஓவியர் இதுவரை கேட்டிராத ஓர் அறை அவருக்குத் திறக்கும். நீங்கள் கையால் வரைந்த தாளையும் படத்துடன் சேர்த்துச் சட்டம் போடும்படி அவரிடம் சொல்லுங்கள்.

நல்லூரிலிருந்து ஓர் ஆசிரியை: வேறொரு பண்பாட்டுக்குப் பயணம் செய்து அங்குள்ள மக்களை வரையும் ஓவியர், அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறாரா, அவர்களைப் புரிந்துகொள்கிறாரா? எப்படிப் பிரித்தறிவது?

பிரித்தறிவது கடினம், ஒரே ஓவியரிடம் இரண்டும் இருக்கலாம். பிரெஞ்சு ஓவியர் போல் கோகன் 1891 இல் பசிபிக் கடலிலுள்ள தகிட்டிக்குப் போனபோது அது பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட, கிறித்தவ மிசனரிமார் நெடுங்காலம் இயங்கிய தீவு. அவரோ நாகரிகம் தீண்டாத ஒரு சொர்க்கத்தை வரைந்தார். மிகவும் இளவயதுச் சிறுமிகளை மனைவியர் என்று வைத்துக்கொண்டு அவர்களையே வரைந்தார். அந்தப் படங்களின் நிறம் எவ்வளவு சிறந்ததாயினும், அந்தச் சிறுமிகளுக்கு நேர்ந்ததை மறைத்துவிட்டு அந்த நிறத்தை வகுப்பில் கற்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு.

இதற்கு ஓர் ஓவியரே பதில் சொன்ன சம்பவமும் உண்டு. ஹங்கேரியத் தாய்க்கும் பஞ்சாபித் தந்தைக்கும் 1913 இல் புடாபெஸ்டில் பிறந்த அம்ரிதா சேர்கில், பாரிசில் ஓவியம் கற்றவர். 1934 இல் அவர் தம்மையே ஒரு தகிட்டிப் பெண்ணாக வரைந்தார். கோகனின் படங்களில் பார்க்கப்படும் பொருளாக இருந்த மாநிறப் பெண்ணின் இடத்தில் ஓவியரே வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. அவர் கண்கள் எம்மைப் பார்க்காமல் வேறெங்கோ நிலைத்திருக்கின்றன. அந்த ஆண்டின் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். பின்னர் அஜந்தாவையும் கொச்சியின் அரண்மனைச் சுவரோவியங்களையும் பார்த்து, தென்னாட்டில் பயணம் செய்து, 1937 இல் ‘மணமகளின் அலங்காரம்’, ‘பிரமச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தவர்’ என்ற மூன்று படங்களை வரைந்தார். அவற்றிலுள்ள மனிதர்கள் அளவுக்கு மீறிச் சோகமாக இருக்கிறார்கள் என்று எனக்குப் படுவதுண்டு. சந்தைக்குப் போகிறவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டும் போவார்கள் அல்லவா? ஆனால் பாரிசில் கற்ற எண்ணெய் ஓவிய முறை அந்தப் பயணத்துக்குப் பின் அவர் கையில் முன்போல் இருக்கவில்லை. உருவங்கள் சுவரோவியங்களைப் போல எளிமையாகவும் தட்டையாகவும் மாறின. போன இடம் வரைபவரின் கையை மாற்றியதா என்று பாருங்கள். அந்த இடத்தில் வாழ்ந்த மனிதர்களுக்கு என்ன நேர்ந்தது என்றும் பாருங்கள். இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் கேட்பது போதாது. கோகனின் கையும் தகிட்டியில் மாறத்தான் செய்தது. சேர்கில் 28 வயதில், 1941 இல், லாகூரில் இறந்தார்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்: பயணம் என்றால் வெளிநாடு போவதுதானா? யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிட்ட ஓவியருக்கு இதில் இடமில்லையா?

நிச்சயமாக உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995 அக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்களும் கடவுச்சீட்டு இல்லாமலே வாழ்நாளின் மிக நீண்ட பயணத்தைச் செய்தவர்கள். அந்த அனுபவத்தில் வளர்ந்த தலைமுறை இன்று வரைகிறது. யாழ்ப்பாணத்தவரான ஜஸ்மின் நிலானி ஜோசப் தம்முடைய நுண்ணிய கோட்டுச் சித்திரங்களில் வேலிகளைத் திரும்பத் திரும்ப வரைவதைப் பாருங்கள். கிடுகு, கதிகால், தகரம், முள்ளுக்கம்பி என்று வேலியின் பொருள் மாறுவதைக் கவனித்தாலே ஒரு வட்டாரத்தில் யார் இருந்தார்கள், யார் போனார்கள், யார் வந்து காவல் நின்றார்கள் என்பது விளங்கிவிடும்.

ஓவியர் நகராமல் தாள் மட்டும் பயணம் செய்ததும் உண்டு. 2005 முதல் 2007 வரை சனாதனன், ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முஹன்னத் காதர் ஆகிய நால்வரும் ஒருவருக்கொருவர் சித்திரங்களை அஞ்சலில் அனுப்பினார்கள். ஒருவரின் சித்திரத்தைப் பெற்றவர் அதற்கு மறுமொழியாகத் தாம் ஒன்றை வரைந்து அடுத்தவருக்கு அனுப்பினார். அந்தக் காலத்தின் நடுவில், 2006 ஓகஸ்டில், ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணம் நிலவழியாகத் துண்டிக்கப்பட்டது. அந்த நிலையிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிமுமான நால்வரும் சேர்ந்து 208 சித்திரங்களை முடித்தார்கள். 2008 இல் அவை நூலாக வந்தன. வெவ்வேறு பண்பாடுகளுக்கிடையிலான பயணம் என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நான் பாரிசையும் நியூயோர்க்கையும் விட்டுவிட்டு இந்த அஞ்சல் உறைகளிலிருந்து தொடங்குவேன்.

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி: நீங்கள் சொல்லும் படங்களைக் கைத்தொலைபேசியில்தான் பார்க்க முடிகிறது. அது போதுமா?

அறிமுகத்துக்குப் போதும்; அதற்கு மேல் போதாது. அகுன்யிலி குரொஸ்பியின் படங்கள் பல ஆள் உயரத்தைத் தாண்டியவை. சிறு திரையில் அந்த அறைதான் தெரியும், சுவருக்குள் இருக்கும் முகங்கள் தெரியாது. அருங்காட்சியகங்களின் தளங்களில் பெருப்பித்துப் பார்க்கக்கூடிய படங்கள் இருந்தால் கணினியில் திறந்து, ஒரு மூலையில் தொடங்கி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கொழும்புக்குப் போகும் வாய்ப்பு வந்தால், 2019 இல் தொடங்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் அப்போது என்ன காட்சி நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். பார்ண்ஸ் பிளேசிலுள்ள சபுமல் நிறுவனத்தில், 1943 இல் உருவான ‘43 குழு’ என்ற இலங்கை நவீன ஓவியர் குழுவினரின் படங்களைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக நுண்கலை மாணவர்கள் நடத்தும் காட்சிகளைத் தவறவிடாதீர்கள். அங்கே படத்தை வரைந்தவர் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்பார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் மகிழ்ச்சியுடன் சொல்வார்.